ஆசிரியரின் எதிர்பார்ப்பும் மாணாக்கரின் தேர்ச்சியும்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். மாணாக்கரை அது தலை, இடை, கடை என மூவகையாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றோர் கடைமாணாக்கர். ஓட்டைக் குடம் ஊற்றிய நீரை ஒழுகவிடும். நெய்யரி நெய்யைப் போக்கிவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். இவ்வுவமைகள் இன்றும் ஆசிரியர் நாவில் வழங்கி வருகின்றன.

ஆயின், அப்பாயிரத்தின் வைப்புமுறையைக் கருதுவோர் சிலரே. நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன், பாடங்கேட்கும் முறை என்பதே அம்முறை. மாணாக்கனைத் தரம்பிரிக்கும் முன்னரே ஆசிரியனைத் தரம்பிரித்துவிடுகிறது நன்னூல். நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமை. ஆசிரியர் ஆகாதாருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு ஆகியவை உவமை. முடத்தெங்கு தன் வேருக்கு நீர் வார்த்தவனுக்குக் காய் தருவதில்லை. வளைந்து சென்று அயலான் முற்றத்தில் உதிர்க்கும். பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்தும், மாணாக்கன் கொள்ளும் வகையறிந்து, மனத்தில் கோணல் இன்றிக் கொடுத்தல் வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது.

வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கி நிற்கிறான். குடத்தில் ஓட்டை உள்ளதோ என்பது ஒரு வினா. ஊற்றியவர் குடத்தின் வாய்க்கு நேரே ஊற்றினாரோ என்பது மற்றொரு வினா. முதல் வினாவே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. இரண்டாவதை எண்ணியும் அளந்தும் ஆராய்ந்த அறிஞர் சிலர் கடந்த அறுபது ஆண்டுகளில் கண்டவை யாவை, அவை தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு எவ்வாறு பயன்படும் என்பவற்றை ஈண்டு நோக்குவோம்.

எலிகளில் தொடங்கிய ஆராய்ச்சி

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் எழுதிய கட்டுரையொன்றில் ஓர் எடுத்துக்காட்டைக் கூறினார். நல்ல நிலையிலுள்ள ஒரு வங்கி முறியப்போகிறது என்று வதந்தி எழுகிறது. அதை நம்பிப் பணம் போட்டவர் எல்லாரும் ஒரே வேளையில் திரண்டு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்கின்றனர். வங்கி முறிந்துபோகிறது. வதந்தி எழுந்தபோது அது பொய். நம்பியவர் செய்கையால் பின்பு மெய்யாயிற்று. இத்தகைய கூற்றைத் 'தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் முன்னுரைப்பு' என்று அவர் அழைத்தார்.

இக்கருத்து பள்ளிக்கு வந்து சேர்ந்த வழி வியப்பானது. ராபர்ட் ரோசந்தால் என்னும் உளநூல் அறிஞரும் கெர்மிட் ஃபோடு என்பவரும் எலிகளைக்கொண்டு நடத்திய சோதனையொன்றை 1963இல் வெளியிட்டனர். மாணவர் 12 பேருக்கு ஆளுக்கு 5 எலிகள் கொடுக்கப்பட்டன. வழிகண்டு ஓட அவற்றைப் பழக்க வேண்டும். 'உங்கள் எலிகள் கூரிய அறிவுள்ள பரம்பரை' என்று மாணவரில் பாதிப்பேரிடம் சொல்லப்பட்டது. 'உங்கள் எலிகள் மந்த பரம்பரை' என்று மற்றப் பாதியினரிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எல்லா எலிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையே. எனினும், கூரியவை எனப் பெயர் பெற்ற எலிகள் வழியை விரைவில் கற்றன. அவற்றைப் பழக்கிய மாணவர், தம் எலிகளை அடிக்கடி கையில் எடுத்ததாகவும் மென்மையாக நடத்தியதாகவும் கூறினர். எலிக்கு மனிதர் மொழி தெரியாது. கையின் வேறுபாடு மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது.

எலிக்கு இவ்வாறாயின் பிள்ளைக்கு எவ்வாறு என்னும் ஐயத்தை ரோசந்தால் ஒரு கட்டுரையில் எழுப்பியிருந்தார். கலிபோர்னியா மாநிலத்தில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்த லெனோர் ஜேக்கப்சன் அதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் பயனாகவே பின்வந்த பேராராய்ச்சி நடந்தது. பல்கலைக்கழக அறிஞரோடு ஒரு பள்ளித் தலைமையாசிரியையும் சேர்ந்து அதனை நடத்தினார் என்பது ஆசிரியருலகம் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐந்திலொருவர்

1964ஆம் ஆண்டு வேனிற்பருவத்தில் அப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவுத்தேர்வு வைக்கப்பட்டது. எப்பிள்ளையின் அறிவு விரைவில் மலரப்போகிறது என்பதை இத்தேர்வு காட்டும் என்று ஆசிரியர்களிடம் கூறினர். அது உண்மையன்று, வழக்கமான அறிவுத்தேர்வே அது. புதிய பள்ளியாண்டு தொடங்கியபோது, 18 வகுப்புகளிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பிள்ளைகளின் பெயர்கள், மலரப்போகிறவர் என ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்டன. தேர்வுப் புள்ளிகளைக்கொண்டு அப்பெயர்கள் பொறுக்கப்படவில்லை. குலுக்கலில் வந்தவை போன்றவையே. ஆகவே, அப்பிள்ளைகளுக்கும் ஏனையோருக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஆசிரியரின் மனத்தில் மட்டுமே இருந்தது.

எட்டு மாதங் கழித்து அதே தேர்வு மீண்டும் வைக்கப்பட்டது. முதல் வகுப்பில் ஏனைய பிள்ளைகள் சராசரி 12 புள்ளி உயர்ந்திருந்தனர். பெயர் குறிக்கப்பட்டோர் 27 புள்ளி உயர்ந்திருந்தனர். இரண்டாம் வகுப்பில் ஏனையோர் 7 புள்ளியும், குறிக்கப்பட்டோர் 16 புள்ளிக்கு மேலும் உயர்ந்திருந்தனர். மூன்று முதல் ஆறு வரையுள்ள வகுப்புகளில் இத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. இம்முடிவுகள் 1968இல் நூலாக வெளிவந்தன. தான் செதுக்கிய சிலையின்மேல் அன்புகொண்டு அதற்கு உயிர் வரக் கண்ட பிக்மாலியன் என்னும் சிற்பியின் பழங்கதைப் பெயரை அந்நூல் தாங்கி நின்றது.

அந்நூலில் அதிகம் பேசப்படாத மற்றொரு செய்தி இதனினும் கவலை தருவது. பெயர் குறிக்கப்படாத பிள்ளைகளிலும் சிலர் நன்கு வளர்ந்தனர். அவர்களைப் பற்றி ஆசிரியர் கூறிய கருத்து மட்டும் வளரவில்லை. தாழ்ந்த பிரிவில் வைக்கப்பட்ட பிள்ளை எதிர்பாராமல் முன்னேறியபோது, ஆசிரியர் அவனைப் பற்றிச் சற்றுக் குறைவாகவே மதிப்பிட்டனர். மலரும் என்று சொல்லப்பட்ட பிள்ளை மலர்ந்தால் மகிழ்ச்சி. மலராது என்று முடிவுகட்டிய பிள்ளை மலர்ந்தால் அது இடைஞ்சல். மனித மனத்தின் இயல்பு அப்படி இருக்கிறது.

மறுப்பும் எஞ்சிய உண்மையும்

நூல் வெளிவந்த அதே ஆண்டிலேயே அளவியல் அறிஞர் ராபர்ட் தார்ண்டைக் அதனைக் கடுமையாக மறுத்தார். சிறு பிள்ளைகளின் அறிவை அளக்க அத்தேர்வு தகுதியற்றது என்பது அவர் வாதம். 1971இல் வேறிருவர் புள்ளிவிவரங்களை மீண்டும் ஆராய்ந்து பல குறைகளைச் சுட்டினர். ஆகவே, ஆசிரியர் நினைத்தாலே பிள்ளையின் அறிவு பெருகிவிடும் என்று மேடைகளில் சிலர் கூறுவது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

பின்வந்த ஆராய்ச்சிகள் இரண்டு திருத்தங்களைச் செய்தன. ஸ்டீபன் ரோடன்புஷ் என்பவர் இத்தகைய சோதனைகள் 18ஐத் தொகுத்து 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிள்ளைகளை ஆசிரியர் நன்கு அறியுமுன், அதாவது முதல் இரு வாரங்களுக்குள், செய்தி கொடுக்கப்பட்டால் அது வேலை செய்கிறது. அதன்பின் கொடுத்தால் அதன் வலி மிகக் குறைந்துவிடுகிறது என்று அவர் கண்டார். முதலிற் பதிந்த எண்ணத்தைப் பின்வரும் செய்தி எளிதில் அசைப்பதில்லை என்பது இதன் பொருள். ஆசிரியருக்கு நல்ல எண்ணம் முதலிற் பதிந்தால் பிள்ளைக்கு நன்மை. தீய எண்ணம் முதலிற் பதிந்தால் அதுவும் அவ்வளவு உறுதியாகவே நிற்கும்.

லீ ஜுசிம், கென்ட் ஹார்பர் ஆகிய இருவரும் 35 ஆண்டுக்கால ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2005இல் மற்றொரு முடிவைக் கூறினர். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவனின் தேர்ச்சியோடு ஒத்துவருவதற்குப் பெருங்காரணம், ஆசிரியர் அவனைச் சரியாக அறிந்திருப்பதே. எதிர்பார்ப்பு தானே தேர்ச்சியை உண்டாக்குவது பொதுவாகச் சிறிய அளவில்தான். ஆனால் சமூகத்தில் தாழ்வாக எண்ணப்படும் கூட்டத்தைச் சேர்ந்த பிள்ளைகளிடம் அவ்வளவு பெரிதாகக்கூடும் என்றும் அவர்கள் குறித்தனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. வீட்டில் நூலும் விளக்கும் துணையும் உள்ள பிள்ளைக்கு ஆசிரியரின் தவறான எண்ணத்தை ஈடுசெய்ய வேறு பலர் உண்டு. அவை இல்லாத பிள்ளைக்குக் கல்வியைப் பற்றிய ஒரே சாட்சி ஆசிரியர்தாம்.

எதிர்பார்ப்பு செல்லும் வழி

மனத்திலிருக்கும் எண்ணம் பிள்ளையின் ஏட்டுக்கு எவ்வழியாகச் செல்கிறது? இதனை ஜெரி புரோஃபி, தாமஸ் குட் என்னும் இருவர் 1970இல் முதல் வகுப்பறைகள் நான்கில் அமர்ந்து எண்ணிப் பார்த்தனர். ஆசிரியரையே பிள்ளைகளை வரிசைப்படுத்தச் செய்து, மேல்வரிசையினரையும் கீழ்வரிசையினரையும் அவர் எவ்வாறு நடத்துகிறார் என்று குறித்தனர்.

சரியான விடைக்கு மேல்வரிசையினர் 100க்கு 12 முறை பாராட்டப்பட்டனர். கீழ்வரிசையினர் 6 முறையே பாராட்டப்பட்டனர். தவறான விடைக்கு மேல்வரிசையினர் 100க்கு 6 முறை கண்டிக்கப்பட்டனர். கீழ்வரிசையினர் ஏறத்தாழ 19 முறை கண்டிக்கப்பட்டனர். தவறிய பிறகு கேள்வியைத் திரும்பக் கேட்டோ குறிப்புக் கொடுத்தோ மறுவாய்ப்பு அளித்தது, மேல்வரிசையினருக்கு 27 முறை. கீழ்வரிசையினருக்கு 12 முறைக்கும் குறைவு. விடை சரியோ தவறோ, ஒன்றும் சொல்லாமல் ஆசிரியர் கடந்துபோனது மேல்வரிசையினரிடம் 3 முறை. கீழ்வரிசையினரிடம் 15 முறை.

இக்கடைசிக் கணக்கு எண்ணத்தக்கது. கண்டிப்பாவது பிள்ளையைப் பொருட்படுத்துவதாகும். மறுமொழியே இல்லாமற் போவது, அவன் விடை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றே என்று அவனுக்குக் கற்பிக்கிறது.

மேரி பட் ரோ என்னும் அம்மையார் அறிவியல் பாட வேளைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1974இல் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சராசரி ஒரு நொடியே. அதிலும், வகுப்பில் சிறந்தவர் என ஆசிரியர் கருதிய ஐவருக்கு ஏறத்தாழ 2 நொடி கிடைத்தது. கடைசி ஐவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. சிந்திக்க அதிக நேரம் தேவைப்படுவோருக்கே குறைந்த நேரம் அளந்துவிடப்பட்டது. காத்திருப்பை 3 நொடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையே சொல்லாமல் நின்றோர் தொகை குறைந்தது. மெல்லக் கற்போர் எனப்பட்டோர் வாய்திறந்தனர். அவர்களைப் பற்றி ஆசிரியர் கொண்டிருந்த எண்ணமும் மாறத் தொடங்கியது.

ஒரு சிறு காட்சியைக் கருதுவோம். எட்டேழு எத்தனை என்று ஆசிரியர் கேட்கிறார். முன்வரிசைப் பையன் 54 என்கிறான். "நெருங்கி வந்துவிட்டாய், ஏழெட்டு என்று திருப்பிச் சொல்லிப் பார்" என்கிறார் ஆசிரியர். அவன் 56 என்று சொல்லிவிடுகிறான். பின்வரிசைப் பையனும் 54 என்கிறான். "உட்கார். அடுத்தவன் சொல்" என்கிறார். ஆசிரியருக்கு வன்மம் ஏதுமில்லை. பலர்முன் அவனை நிறுத்திவைப்பானேன் என்னும் இரக்கமே காரணமாயிருக்கலாம். எனினும், இத்தகைய நிகழ்ச்சி நாளுக்கு ஒருமுறை என்று கொண்டால், 190 பள்ளி நாட்களில் முதற்பையன் 190 முறை தன் பிழையைத் தானே திருத்தப் பழகுகிறான். மற்றவன் 190 முறை உட்காரப் பழகுகிறான். ஆறாண்டுக்கு அது 1,140 முறை. ஆறாம் ஆண்டு முடிவில் இருவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, 'பிறவியிலேயே இவன் அப்படி' என்று சொல்வது நீதியாகாது.

எதிர்பார்ப்பு செல்லும் இவ்வழிகளை ரோசந்தால் பின்னர் நான்காக வகுத்தார். ஆசிரியரின் முகமும் குரலும் உண்டாக்கும் சூழல் ஒன்று. கற்பிக்கும் பாடத்தின் அளவும் கடினமும் இரண்டு. விடையளிக்கத் தரும் வாய்ப்பு மூன்று. விடைக்குக் கிடைக்கும் மறுமொழி நான்கு. இவை நான்கும் கண்ணுக்குத் தெரிவன, எண்ணக்கூடியன. ஆதலின் திருத்தவும் கூடியன.

எட்டாம் நாள்

வகுப்பறைப் பழக்கம் பள்ளியின் ஒழுங்காக உறைந்துவிட்டால் என்ன நேரும் என்பதை ரே ரிஸ்ட் என்னும் ஆய்வாளர் 1970இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில், பாலர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை ஒரே கூட்டப் பிள்ளைகளை அவர் தொடர்ந்து கவனித்தார். பாலர் வகுப்பு ஆசிரியையும் அதே இனத்தவரே.

பள்ளி திறந்த எட்டாம் நாளில் ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிலையாக அமர்த்திவிட்டார். தேர்வு எதுவும் வைக்கப்படவில்லை. உடை, தலைவாரல், பேச்சு, உதவிப்பணம் பெறும் குடும்பமா என்னும் செய்தி, அண்ணன் அக்காள் இப்பள்ளியில் எப்படிப் படித்தனர் என்னும் நினைவு ஆகியவை தேர்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. முதல் மேசை ஆசிரியைக்கு அருகில் இருந்தது. பாடமும் பேச்சும் பெரும்பாலும் அம்மேசையை நோக்கியே நடந்தன. மற்றிரு மேசையினர் கற்றது குறைவு; முதல் மேசைப் பிள்ளைகள் அவர்களை எள்ளவும் தொடங்கினர்.

முதல் வகுப்பில் வேறோர் ஆசிரியை வந்தார். பாலர் வகுப்பில் பிள்ளைகள் முடித்திருந்த பாடத்தைப் பார்த்து அவர் மேசை பிரித்தார். இரண்டாம் மேசையிலிருந்தோ மூன்றாம் மேசையிலிருந்தோ ஒரு பிள்ளைகூட மேல் மேசைக்கு ஏறவில்லை. இரண்டாம் வகுப்பில் தேர்வுப் புள்ளிகளைக்கொண்டே குழுக்கள் அமைந்தன. அக்குழுக்களுக்குப் புலிகள் என்றும், சிவப்புக் குருவிகள் என்றும், கோமாளிகள் என்றும் பெயரிடப்பட்டன. எட்டாம் நாளில் உடையைப் பார்த்துச் செய்த ஊகம், மூன்றாம் ஆண்டில் புள்ளிவிவரத்தின் தோற்றத்தோடு நின்றது. இடையில் வந்த ஆசிரியர் யாவரும் தம் வரையில் நேர்மையாகவே நடந்தனர். பொல்லாங்கு எண்ணாமலே ஒரு பள்ளி ஒரு பிள்ளையைக் கோமாளியாக்கிவிட முடிந்தது.

பள்ளியின் ஒழுங்குமுறை

பள்ளியால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதே ஒருகாலத்தில் ஐயத்துக்கு இடமாயிருந்தது. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த அறிக்கை, ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரையும் ஆராய்ந்து, தேர்ச்சி வேறுபாட்டுக்குக் குடும்பநிலையே முதற்காரணம் என்று கூறியது. பள்ளியால் ஒன்றும் ஆவதில்லை என்று பலர் அதற்குப் பொருள்கொண்டனர்.

இலண்டன் மாநகரின் உட்பகுதியில் இடைநிலைப் பள்ளிகள் 12ஐ மைக்கேல் ரட்டரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் 15,000 மணிநேரம் என்பதே அந்நூலின் பெயர். பிள்ளைகள் சேரும்போதே அவர்களிடமிருந்த வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும் பள்ளிக்குப் பள்ளி பயன் வேறுபட்டது. கட்டடத்தின் வயதோ பள்ளியின் அளவோ அதற்குக் காரணமாகவில்லை. பாடம் மணியடித்தவுடன் தொடங்கியதா, வீட்டுப்பாடம் ஒழுங்காகக் கொடுத்துத் திருத்தப்பட்டதா, பிள்ளைகளின் படைப்புகள் சுவரில் இடம்பெற்றனவா, பாராட்டு தாராளமாக வழங்கப்பட்டதா, பிள்ளைகளிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதா, ஆசிரியர் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டனரா என்பவையே காரணங்களாயின. இவற்றுள் பெரும்பணம் வேண்டுவது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் 'உன்னிடம் நாங்கள் ஒன்றை எதிர்பார்க்கிறோம்' என்று பிள்ளைக்குச் சொல்லும் செயலாகும்.

பிரிவுமுறை பற்றிச் சிங்கப்பூரின் வரலாறு நமக்கு அண்மையிலுள்ள சான்று. 1979ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து அங்கே மாணவரைத் திறன்வாரியாகப் பிரிக்கும் முறை வந்தது. பள்ளியை இடையில் விட்டு நீங்கியோரின் தொகையைக் குறைப்பதே அதன் நோக்கம். தொடக்கப்பள்ளியில் 2008இல் அம்முறை நீங்கி, பாடவாரியாகத் தரம் தெரிந்துகொள்ளும் முறை வந்தது. உயர்நிலைப் பள்ளியில் 2024இல் முதலாண்டில் சேர்ந்தோர்முதல் பிரிவுப் பெயர்கள் நீக்கப்பட்டன. ஒரு பாடத்தில் தளர்ந்த பிள்ளை எல்லாப் பாடத்திலும் தளர்ந்தவன் என்னும் முத்திரையோடு வளர வேண்டியதில்லை என்பது இம்மாற்றத்தின் உட்கிடை.

தோட்டப் பள்ளியில்

மலாயாவில் தோட்டப் பள்ளிகள் பிறந்த காலத்திலேயே எதிர்பார்ப்பும் உடன்பிறந்தது. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ எழுதப்படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமர்ந்தனர். ஒட்டுக்கொட்டகையே வகுப்பறை. பால்மரம் சீவப்போகும் பிள்ளைக்கு இதற்குமேல் எதற்கு என்னும் எண்ணம், யாரும் எழுதிவைக்காத பாடத்திட்டமாக அப்பள்ளிகளில் இருந்தது. அத்தகைய பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தோன்றினர் எனின், அங்கே அவ்வெண்ணத்தை ஏற்க மறுத்த ஆசிரியர் ஒருவரோ பெற்றோர் ஒருவரோ இருந்திருப்பர்.

காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பணிபுரிகின்றனர். எனினும், சிறு பள்ளிக்கே உரிய ஓர் இடர் இன்னும் உண்டு. சிறு பள்ளியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னான் வீட்டுப் பிள்ளை, இன்னாளின் தம்பி, தகப்பன் குடிகாரன், தாய் கையெழுத்துப் போடத் தெரியாதவள் என்னும் செய்திகள், பிள்ளை முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் முன்னரே ஆசிரியர் அறைக்கு வந்துவிடுகின்றன. பல ஆண்டுகளைச் சேர்த்து ஒருவரே கற்பிக்கும் வகுப்பில், முதற்பதிந்த எண்ணம் கலைவதற்கு ஆண்டுமாற்றம்கூட உதவுவதில்லை. செயின்ட் லூயிஸ் ஆசிரியைக்கு எட்டு நாள் தேவைப்பட்டது. தோட்டப் பள்ளியில் எட்டு நாளும் தேவையில்லை.

அதே சிறுமை பெருநன்மையாகவும் ஆகலாம். 40 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியரின் பார்வைக்குத் தப்பும் பிள்ளை, 12 பேர் உள்ள வகுப்பில் தப்ப இயலாது. குடும்பத்தை அறிந்திருப்பதும் அவ்வாறே. வீட்டில் விளக்கில்லை என்று அறிந்து வீட்டுப்பாடத்தையே விட்டுவிடுவது ஒருவகை அறிவு. வீட்டில் விளக்கில்லை என்று அறிந்து, பள்ளி விட்டபின் அரைமணி நேரம் வகுப்பறையைத் திறந்துவைப்பது மற்றொருவகை அறிவு. இரண்டும் இரக்கமே. முன்னது பிள்ளையின் பாடத்தைக் குறைக்கிறது. பின்னது அவனுடைய தடையைக் குறைக்கிறது.

மலேசியாவில் 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின் இப்பொருள் மேலும் முதன்மை பெறுகிறது. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டு முடிவில் வெளியார் தயாரித்த வினாத்தாள் ஒன்று ஆசிரியரின் எண்ணத்தைச் சோதித்தது. பின்வரிசைப் பையன் சில வேளை எல்லாரையும் வியக்கவைத்தான். வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை நிலைகுறிப்பவர் ஆசிரியரே. தேர்வின் அச்சம் நீங்கியது நன்றே. ஆயின், துலாக்கோலைப் பிடிக்கும் கையே சரக்கையும் வைக்கும்போது கோலின் நேர்மைக்கு இருமடங்கு காவல் வேண்டும்.

செய்யத்தக்கவை

ஆசிரியரின் மனத்தை ஆணையிட்டு மாற்ற இயலாது. எல்லாப் பிள்ளைகளும் வல்லவரே என்று நாள்தோறும் சொல்லிக்கொள்வதாலும் பயனில்லை. செயலை மாற்றினால் எண்ணம் பின்தொடரும் என்பதே மேற்கூறிய ஆராய்ச்சிகளின் படிப்பினை.

முதலாவது, கேள்வி கேட்டபின் மூன்று நொடி பொறுத்தல். மனத்துள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணினாற் போதும். பழகாதவருக்கு அம்மூன்று நொடி மூன்று நிமிடமாகத் தோன்றும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இரண்டாவது, தவறிய விடைக்கு எப்பிள்ளையாயினும் ஒரு மறுவாய்ப்பு அளித்தல். குறிப்பு ஒன்று கொடுத்து அவனையே முடிக்கச் செய்தல் வேண்டும். விடையை அடுத்தவனிடம் கேட்டுவிட்டாலும், மீண்டும் முதலாமவனிடம் வந்து சொல்லச் செய்தல் நன்று.

மூன்றாவது, எண்ணிப் பார்த்தல். பெயர்ப்பட்டியலை மேசைமேல் வைத்து, கேள்வி கேட்கப்பட்ட பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு இடலாம். ஒரு வார முடிவில் கோடே விழாத பெயர்கள் சில இருக்கும். அப்பெயர்கள் எவை என்பது, பட்டியலைப் பார்க்குமுன்னரே ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது.

நான்காவது, இடத்தையும் குழுவையும் மாற்றுதல். வாசிப்புக்கு ஒரு குழு, கணக்குக்கு ஒரு குழு எனப் பாடத்துக்குத் தக்கவாறு அமைத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறையேனும் கலைத்து அமைத்தால், எந்த மேசையும் எந்தப் பிள்ளைக்கும் நிலைப்பட்டா ஆகாது.

ஐந்தாவது, பாராட்டில் நிதானம். எளிய வேலைக்கு மிகுதியாகப் புகழ்வதைப் பிள்ளைகள் கூர்ந்து அறிவர். 'என்னால் இவ்வளவே ஆகும் என்று ஆசிரியர் நினைக்கிறார்' என்பதே அப்புகழிலிருந்து அவர்கள் பெறும் செய்தி. கடினமான வேலையைக் கொடுத்து, முடித்தபின் எதைச் சரியாகச் செய்தான் என்று குறிப்பிட்டுச் சொல்வதே பாராட்டு.

தலைமையாசிரியருக்கு உரிய கடமையும் ஒன்றுண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பை ஒப்படைக்கும்போது, பழைய ஆசிரியர் புதியவரிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் முறையை ஒழுங்குபடுத்தலாம். 'இவன் மந்தம்' என்பது தீர்ப்பு. 'இவனுக்கு உயிர்மெய் நெடில் எழுத்துகள் தடுமாறுகின்றன. கூட்டல் தெரியும், கடன்வாங்கிக் கழித்தல் தெரியாது' என்பது செய்தி. தீர்ப்பைக் கேட்ட ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. செய்தியைக் கேட்டவருக்கு மறுநாட்காலைப் பாடம் கையிலிருக்கிறது. குடும்பத்தைப் பற்றிய பேச்சு, பிள்ளைக்கு உதவி செய்யத் தேவைப்படும் அளவோடு நின்றுவிடுதல் நலம்.

நன்னூலார் கூறிய கடைமாணாக்கர் இல்லையென்று யாரும் சொல்லார். கேட்டதை ஒழுகவிடும் பிள்ளையும், கண்டதையெல்லாம் நுனிமேயும் பிள்ளையும் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆனால் அவ்வுவமைகள் கற்கும் வகைகளைக் குறிப்பன. வருகைப் பதிவேட்டில் ஒட்டிவைக்க எழுதப்பட்டவை அல்ல. இடைமாணாக்கனுக்கு மண்ணை உவமை சொன்ன காரணத்தை உரைகள் தெளிவாக்குகின்றன: உழுபவன் முயற்சி எவ்வளவோ அவ்வளவே மண் விளைவு தரும். தோட்டப் பள்ளிகளின் வாங்குகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவ்வகையினரே. பின்வரிசையில் ஒருவன் 54 என்று சொல்லி நிற்கும்போது, அவனை உட்காரச் சொல்லாமல் மூன்று நொடி காத்திருப்பதும் உழவுதான்.